எடுத்தபோது இருந்தபடி

போர்ட் லூயியில், துறைமுகத்துக்குப் பின்னால்,
பெயர்ப்பலகை இல்லாத கிடங்கு.
சாவிகள் நாற்பத்தொன்று. பூட்டுகள் நாற்பது.
மீதி ஒன்றையும் கையெழுத்திட்டுத்தான் வாங்கினேன்.
கையெழுத்திட்டுத்தான் கொடுப்பேன்.

சட்டத்தில் எனக்கென்று ஒரே வரி:
எடுத்தபோது இருந்தபடி வைத்திரு.
தீர்ப்பு வரும்வரை எதுவும் யாருடையதும் அல்ல,
அதனால் எல்லாம் என் தலையில்.

திங்கட்கிழமை வண்டிகளுக்கு.
எதியேன் ஒவ்வொன்றாய் முடுக்குவான்.
நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் உறுமிவிட்டு
அடங்கிவிடும், பந்தயக் காரானாலும்
கோழி ஏற்றிய வேனானாலும்.
பெட்ரோல் கணக்கைப் பார்த்து அமைச்சகம் கேட்டது:
இவை எங்கே போகின்றன?
எங்கும் போகவில்லை என்று எழுதினேன்.
விளக்கம் போதாது என்று திரும்பி வந்தது.

ரியூனியன் பக்கமிருந்து இரவில் வந்த படகுகள் மூன்று.
சலவை இயந்திரம், உள்ளே இன்னும் யாருடைய துணியோ.
ஒரு பிள்ளையின் சைக்கிள் இருக்கிறது,
அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

பொருள் எண் 212: பூஜை அலமாரி, தேக்கு, ஒன்று.
பின்பலகைக்குள் பதினெட்டு லட்சம் இருந்ததாம்.
பணம் வங்கிக்குப் போயிற்று.
அலமாரி எனக்கு வந்தது, உள்ளே நின்றவரோடு.
பட்டியல் போட்ட போலீஸ்காரப் பையன் எழுதியிருந்தான்:
சிலை, பித்தளை, ஆண், ஈட்டியுடன்.
பறவை ஒன்று, இணைந்தது.
விளக்கு ஒன்று. எண்ணெய், பாதி. திரி, கருகியது.

என் பெயர் தெய்வானை.
அடையாள அட்டையில் தேவானே.
இரண்டையும் எதியேனிடம் நான் விளக்கவில்லை.
இவர் என்ன குற்றம் செய்தார் என்று ஒருநாள் கேட்டான்.
சாட்சி, என்றேன்.

வழக்குக்கு ஆறு வயது, மேல்முறையீட்டுக்கு இரண்டு.
தணிக்கைக்காரர் குனிந்து பார்த்தார்.
பதிவேட்டில் பாதி, விளக்கில் கால்.
மீதி எங்கே, மதாம் வீராப்பென்?
வற்றும், என்றேன்.
எழுத்தில் கொடுங்கள், என்றார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில்
இருமல் மருந்துக் குப்பியில் வீட்டு நல்லெண்ணெய் கொண்டுவந்து
பாதி வரை ஊற்றுகிறேன்.
பூஜை இல்லை. இருப்புச் சரிசெய்தல்.
செருப்பைக் கழற்றியது
தரை ஈரமாக இருந்ததால்.

பெப்ரவரியில் புயல்.
மூன்றாம் எண் எச்சரிக்கை ஏறியதும்
தீவே பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடியது.
நாங்கள் இருவரும் படகுகளைக் கட்டிக்கொண்டிருந்தோம்.
கணவர் போனில்: சமையலறைத் தகரம் ஆடுகிறது,
அந்த நீலக் கயிறு எங்கே?
கடத்தல்காரன் படகின் இடுப்பில்
மூன்று சுற்றாய் இருந்தது. தெரியாது, என்றேன்.

கடைசி முடிச்சு விழுமுன் நாலாம் எண் ஏறிவிட்டது.
இனி வெளியே கால் வைக்கக் கூடாது.
எட்டு மணிக்குக் கரண்ட் போயிற்று.
ஜெனரேட்டரை இழுத்தோம், இழுத்தோம்.
அது கைப்பற்றியது அல்ல, அரசாங்கத்தின் சொந்தம்.
அதைத் திங்கட்கிழமைகளில்
யாரும் முடுக்கியதில்லை.

இருட்டில் கூரை ஒவ்வொரு ஆணியாய் முனகிற்று.
எதியேனிடம் லைட்டர் இருந்தது.
என்னிடம் ஆறு ஆண்டு ஒழுங்கு இருந்தது.
212-இல் விளக்கு, எண்ணெய் பாதி,
திரி ஏற்கெனவே கருகியது.
இன்னொரு தடவை கருகினால்
பதிவேட்டில் எந்த எழுத்து மாறும்?

விடியும்வரை சிலை, பித்தளை, ஆண்
எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.
எதியேன் தன் அம்மா சொல்லிக்கொடுத்த ஜெபத்தை
யாரை நோக்கி என்று யோசிக்காமல் சொன்னான்.
மயில், இணைந்தது, அசைந்த மாதிரி இருந்தது,
சுடர் அசைந்ததால்.

காலையில் குப்பியிலிருந்து ஊற்றிவிட்டு எழுதினேன்:
படகுகள் மூன்றும் உள்ளன. கூரையில் ஒழுக்கு இரண்டு.
பொருள் எண் 212: எண்ணெய், பாதி. திரி, கருகியது.
மாற்றம் இல்லை.

வீட்டுக்குப் போனால்
சமையலறைத் தகரம் எதிர்க் கரும்பில் கிடந்தது,
இரண்டாய் மடிந்து.
எங்கும் கையெழுத்துப் போடாமல்
தூக்கிக்கொண்டு வந்தேன்.