விளக்கு, வடகிழக்கு

காற்று இருநூற்று நாற்பது பாகை, இருபத்தாறு நாட்,
அவ்வப்போது நாற்பத்தொன்றுக்கு எகிறும்.
பேரன்ட்ஸ் கடல் பக்க முனையில் காற்றுப்பை
விறைத்து நிற்கிறது,
உள்ளே யாரோ கையை நீட்டிக்கொண்டிருப்பதுபோல.

எண்ணூற்று எழுபது மீட்டர் ஓடுதளம்.
மூன்றில் இரண்டு பங்கை டூர்பர்க் பெருக்கிவிட்டான்,
மிச்சத்தில் ஈரப்பனி, மூன்று மில்லிமீட்டர்.
பிடிமானம்: மூன்று, மூன்று, இரண்டு.
கடைசி இரண்டைச் சொல்லும்போது
என் குரல் இறங்குகிறதாம். விமானிகள் கேலி செய்வார்கள்.

பார்வைத் தூரத்துக்குக் கருவி உண்டு.
செவ்வாய் முதல் உப்புக்காற்று அதன் கண்ணைக் கட்டிவிட்டது.
அதனால் பழைய முறை:
தேவாலய விளக்கு தெரிந்தால் எழுநூறு,
மீன் ஆலையின் மஞ்சள் விளக்கு, ஆயிரத்து நூறு,
அதற்கப்பால் மேட்டில் ஒற்றை வெளிச்சம்,
ஆயிரத்து ஐந்நூறு.
பட்டியலில் 'விளக்கு, வடகிழக்கு' என்றிருக்கிறது.
அது எங்கள் வீட்டு அடுக்களை.

ஆம்புலன்ஸ் விமானம் பன்னிரண்டு நிமிடத் தொலைவில்.
கீழே பயணிகள் கூடத்தில் டைவா,
லித்துவேனியாக்காரி.
மீன் தலை வெட்டும் இயந்திரத்தில் போன அவள் வலது கை
ஐஸ் பெட்டியில், பக்கத்து இருக்கையில்.
ஆயிரத்து ஐந்நூறு இருந்தால் இறங்குவார்கள்.

மஞ்சள் தெரிகிறது.
மேட்டில் இருட்டு.
பனிப்பொழிவா? இல்லை,
ஐலு பத்து மணிக்கே படுத்துவிட்டானா?

ஆறாவது ஒலிப்பில் போனை எடுத்தான்.
"அடுக்களை விளக்கைப் போடு."
"என்ன ஆச்சு?"
"போடு."
வெறுங்கால் நடை கேட்டது. சொடக்கென்று ஒரு சத்தம்.
கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தேன்.
"போட்டாச்சுன்னு சொல்றேனே, தெரியலையா?"

நான்கே இலக்கம். பொய் சொல்வது எளிது.
பதினெட்டு வருஷமாகக் காணாததை எழுதியதில்லை.
பெருமைக்கில்லை,
எண்ணை நம்பி ஒருவர் சக்கரத்தை இறக்குவார்.

எழுதினேன்: ஆயிரத்து நூறு. பனி.
மேகம் முந்நூறு அடி. அழுத்தம் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு.
ஒலிபெருக்கியில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு ஒரு பெண் குரல்:
"கிடைத்தது. சுற்றிக்கொண்டிருக்கிறோம். நாற்பது நிமிடம் தாங்கும்."

யாரும் சொல்லாமலே டூர்பர்க்
மறுபடி வண்டியை எடுத்தான், அந்த இரண்டை மூன்றாக்க.
ஐலு இன்னும் போனில்.
"அணைக்கவா?"
"வேண்டாம். ஜன்னலோரமா நில்லு."
"நின்னா?"
"நின்னா ஒண்ணுமில்ல. நில்லு."

நள்ளிரவு தாண்டி இருபது. அடுத்த அறிக்கை.
காற்று இருநூற்று ஐம்பது.
மேட்டில் ஏதோ
ஒரு பொட்டு. போய்விட்டது.
மறுபடி.
இன்னும் பேனாவைத் தொடவில்லை.