ஒரு வினோஜிதன்

பெட்டி என்றால் சுகம்.
நீளம், அகலம், உயரம்
மூன்றையும் பெருக்கினால் கதை முடிந்தது.
தீப்பெட்டி, சோக்குப் பெட்டி,
கொம்பாசுப் பெட்டி
எல்லாம் அடிமட்டத்துக்குப் பணிந்து போயின.

சவர்க்காரம்தான் முதலில் முரண்டு பிடித்தது.
கடையில் அதுவும் பெட்டிதான்.
எங்கள் குழாயடியில் இருந்ததோ
முப்பத்தொரு பேர் கைகழுவி
இடுப்பு விழுந்த கட்டி.
அகலத்தை எந்த இடத்தில் அளப்பது?

கமலேஸ்வரி டீச்சர்
ஏறும் தண்ணிதான் கனவளவு என்று
பலகையில் எழுதிவிட்டு
வலயக் கூட்டத்துக்குப் போயிருந்தா.

அளவுச்சாடியில் நூறு வரை தண்ணி.
கருங்கல் இறங்கியதும் நூற்று முப்பத்தாறு.
அப்போ கல்லுக்கு முப்பத்தாறு.
வலைத் தக்கை மிதந்து ஏமாற்றப் பார்த்தது,
டிலுக்சிகா ஈர்க்கால் அமுக்கி
அதையும் எண்ணாக்கினாள்.
கற்கண்டு ஓர் எண்ணைக் காட்டிவிட்டு
எழுதுமுன் கரைந்தது.
அந்த விடையைச் சப்னுஜன் குடித்துவிட்டான்.

மறுகா யாரோ கேட்டது
(யாரென்று இன்றைக்கும் ஆளையாள் காட்டுகிறோம்):
"மனுசன் திண்மமா?"

கோமாரிக்குச் செவ்வாயில் செவ்வாய் பௌசர் வரும்.
அன்று செவ்வாய்.
பள்ளிக்கூடத்து நீலப் பரல்
விளிம்பு தொட்டு, அசைந்தால் சிந்தும் நிலை.
வகுப்பில் மெலிந்தவன் வினோஜிதன்.
காதுக் குத்து என்று பஞ்சு வைத்திருந்தான்.
"கழுத்து வரைக்கும்தான்" என்று
சத்தியம் வாங்கிக்கொண்டு இறங்கினான்.

தண்ணி பரலின் நாலு பக்கமும் வழிந்து
மணலுக்குள் போனது, சத்தமே இல்லாமல்.
அவன் ஏறிய பிறகு
பரலுக்குள் ஒரு வெற்றிடம்.
அதுதான் அவன்.

அந்த வெற்றிடத்தை
ஒரு லீற்றர் கோப்பையால் நிரப்பினோம்,
குழாய்க்கிணற்றில் அடித்து அடித்து.
பதினேழில் ஆடு ஒன்று வந்து குழப்பியது.
இருபத்திமூன்றில் விளிம்பு தொட்டது.
அவன் காற்சட்டை குடித்துக்கொண்டு போனது
ஒரு லீற்றர் என்று கழித்தோம்.
வினோஜிதன் = 22 லீற்றர்.
தலை நீங்கலாக.

குழாய்க்கிணறு உப்பு என்பதை
எல்லாரும் அறிவோம்.
ஒருவரும் நினைக்கவில்லை.
பத்தரைக்கு அதிபர் தேத்தண்ணியை
ஒரு வாய் உறிஞ்சினார்,
கோப்பைக்குள் பார்த்தார்,
பிறகு எங்கள் வகுப்பைப் பார்த்தார்.

முழங்காலில் நின்ற நேரம்
கணக்கு நிற்கவில்லை.
பௌசரின் வயிற்றில் எழுதியிருப்பது ஐயாயிரம்.
அது இருநூற்று இருபத்தேழு வினோஜிதன்,
மிச்சம் ஆறு லீற்றர்.
எங்கட வீட்டுக்குக் கிழமைக்கு
நாலு வினோஜிதன்.
அதில்தான் சோறு, அதில்தான் குளிப்பு,
அதில்தான் தம்பியின் துணி.
மணல் குடித்தது முழுசாய் ஒருவன்.

இதைச் சொன்னதும்
பக்கத்தில் முழங்காலில் நின்றவன்
ஈரக் காற்சட்டையைப் பிழிந்துகொண்டே
என்னைத் திருத்தினான்:
"தலையையும் சேர், மடையா."

எப்படிச் சேர்ப்பது?
காதுக் குத்து மாறட்டும்.
ஆனால் கெதியாய் மாறவேண்டும்.
அடுத்த தவணைக்குள்
இவன் வளர்ந்துவிட்டால்
ஊர்க் கணக்கு முழுவதும் பிழைத்துப் போகும்.