வருமதி, சென்மதி

மூன்றரைக்கு அலாரம் அடிப்பதில்லை.
அடித்தால் தங்கச்சி எழும்பிவிடுவாள் என்று
தலையணைக்குக் கீழே அதிர விட்டிருக்கிறேன்.
காது எழும்புமுன் கன்னம் எழும்பும்.

நாலுக்குப் பேக்கரி.
தட்டுப் பாண் அறுபது, அச்சுப் பாண் நாற்பது,
கிம்புலா, சீனிச்சம்பல் பணிஸ்,
மீன் வைத்தது எண்ணி முப்பது.
எண்ணுவது நான்.
ஓட்டுவது மரியநேசன் அண்ணன்.
எனக்கு லைசென்ஸ் எடுக்க இன்னும் ஏழு மாதம்,
உயர்தரப் பரீட்சைக்கு ஐந்து.

கல்லடிப் பாலம் ஏறி இறங்கியதும்
அண்ணன் சுவிட்சைப் போடுவார்.
அந்த மெட்டு
ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் தொடங்கி
ஒரே இடத்தில் தடுக்கி விழுந்து
மறுபடியும் தொடங்கும்.
உப்போடை முழுக்க எழும்பும்.
எனக்கு மட்டும் அது தாலாட்டு.

பாண் பெட்டிக் கதவின் உட்புறம்
ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறேன்:
பெறுமானத் தேய்வு, நேர்கோட்டு முறை.
ஒரு கேற்றுக்கும் அடுத்த கேற்றுக்கும் நடுவில்
இரண்டு வரி.
நாய் உள்ள வீடென்றால் மூன்று,
கட்டிவிட்டு வருமட்டும் நேரம் கிடைக்கும்.
சூட்டில் மை ஊதி
ஏழு ஒன்றாகிவிடும், ஒன்று ஒன்றுமில்லாமல் போகும்.
அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது
நினைப்பேன்:
இது குறைந்துசெல் மீதி முறை.

நாவற்குடாவில் ஒரு பச்சைக் கேற்று.
குணநாயகம் சேர் சாரத்தோடு வருவார்.
'ரெண்டு அச்சுப் பாண் தா மனே,
நாளைக்குச் சேத்துத் தாறன்.'
எழுதுவேன். நேற்று இரண்டு, முந்தநாள் இரண்டு,
மழை பெய்த வெள்ளிக்கிழமை மூன்று.
இன்றையதோடு வருமதி
ஆயிரத்து இருநூற்று அறுபது.

பின்னேரம் நாலரைக்கு அதே கேற்றால் நுழைவேன்.
பின்வளவில் தகரக் கொட்டில், கணக்கீட்டு வகுப்பு,
வாங்குகளில் எழுபது பேர்.
என் கார்டில் இரண்டு பெட்டி வெறுமை,
மாசி, பங்குனி.
சென்மதி மூவாயிரம்.

'கழிச்சு விடன்டா' என்றான் வேணுஜன்.
கழிக்கேலாது.
பாண் முதலாளியுடையது, கடன் என்னுடையது.
உரிமையாளர் வேறு, வணிகம் வேறு:
அலகு எண்ணக்கரு.
அதைப் படிப்பித்ததும் அவர்தான்.

அன்றைக்கு வங்கிக் கணக்கிணக்கக் கூற்று.
பலகையில் எண்கள் மிதந்தன.
சோக்குத் துண்டு நெற்றியில் பட்டது, நான் சொன்னேனாம்:
'கிம்புலா முடிஞ்சிட்டு அக்கா.'
கொட்டில் குலுங்கியது.
சேரும் சிரித்தார்,
பிறகு சிரிக்காமல்
அழித்த வரியையே திரும்ப அழித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த கிழமை கேற்று திறக்கவில்லை.
மெட்டு இரண்டு சுற்று முடிந்தது.
யன்னலால் ரீச்சர் சொன்னா,
'இனி வேணாம் மனே. சேர் சொல்லச் சொன்னவர்.'
குரலில் கோபமில்லை. அது இருந்திருக்கலாம்.

கட்டணக் கார்டுகளை அடுக்கிக் கொடுப்பவன் நான்.
எழுபதில் நாற்பத்தொன்று
என்னுடையதைப் போலத்தான் இருக்கும்.
அதுவரைக்கும் அதை நான் கூட்டிப் பார்த்ததில்லை.

அண்ணன் கியரில் கை வைத்திருந்தார்.
இரண்டு அச்சுப் பாணைப் பையில் போட்டுக்
கேற்றுக் கொழுக்கியில் மாட்டிவிட்டு
ஓடிவந்து ஏறினேன்.

கொப்பியைத் திறந்தால் எழுத இடமில்லை.
வருமதி அல்ல, அவர் கேட்கவில்லை.
எடுப்பனவு அல்ல, நான் உரிமையாளன் அல்ல.
நன்கொடை என்று எழுத
ஆர் நான்?

சமப்படாத வித்தியாசத்தை,
பிழை எங்கே என்று பிடிபடும்வரை,
தொங்கல் கணக்கில் வைக்கலாம்.

திரும்பிப் பார்த்தேன்.
பச்சைக் கேற்றில் பை ஆடிக்கொண்டிருந்தது.
தொங்கல், இருநூற்று எண்பது,
என்று எழுதினேன்.
அடுத்தது நாய் வீடு.