ஸ்கோர் நோட்டு, கிருஷ்ணகிரி

எங்கள் பந்து உருண்டை இல்லை.
பர்கூர் பஸ்ஸில் கண்டக்டர் சொன்னார்:
"பப்பாளிக்கு லக்கேஜ் போடணும்பா."

மண்டல ரக்பி. சேலத்தில் முதல் ஆட்டம்,
நாற்பதுக்குப் பூஜ்யம்.
இரண்டாவதில் திம்மராயனுக்குத் தோள் நழுவியது.
மூன்றாவதை எழுதாதே என்றான் முனிராஜ், கேப்டன்.
அந்தப் பக்கம் வெள்ளை.

நான்காவதற்கு
மாங்கூழ் ஆலையில் நைட் ஷிப்ட் முடித்து
நேராக வந்தான் அன்வர்.
கையெல்லாம் பிசுக்கு.
பந்து நழுவவே இல்லை.
தோற்றோம்தான்,
ஆனால் ஐந்து புள்ளி!

கடைசி ஆட்டம் எங்கள் மைதானம்.
கிரானைட் தூள் கலந்த செம்மண்.
அவர்கள் விழ யோசித்தார்கள்.
பத்துக்கு ஏழு.

பட்டியலில் அப்போதும் கடைசி இடம்.
ராத்திரி நோட்டை வாங்கி
வெள்ளைப் பக்கத்தில்
முனிராஜே எழுதினான்:
மூன்றாவது ஆட்டம்,
அறுபத்திரண்டுக்குப் பூஜ்யம்.