பூச்சியத்துக்குக் கீழே

கொட்டாஞ்சேனை. தரம் ஏழு, பி பிரிவு.
மூன்றாம் பாடவேளையில் மின்விசிறி நின்றது.
துறைமுக லொறி ஒன்று ஹோர்ன் அடித்து
என் வாக்கியத்தைப் பாதியில் வெட்டியது.

"அரையும் மூன்றிலொன்றும் சேர்ந்தால்?"
"ஐந்தில் இரண்டு, மிஸ்."
றிஸ்லானுக்குச் சந்தேகமே இல்லை.
பலகையில் பாண் வரைந்தேன், ஆறாய் வெட்டினேன்,
ஐந்து துண்டுக்கு நிறம் தீட்டினேன்.
அவன் பார்த்ததோ
வெள்ளையாய் விட்ட ஆறாவதை.

பிறகு எண்கோடு.
வலப்பக்கம் நேர், இடப்பக்கம் மறை.
"மறை இரண்டு எங்கே இருக்கிறது?"

மெர்லின் திரேசா எழும்பினாள்.
"வெள்ளவத்தையில, மிஸ்.
லிஃப்ட்டில அந்த பட்டன் இருக்கு.
அப்பா அங்கதான் கார்களுக்குக் காவல்.
போன் எடுபடாது."

"அப்போ மறை ஐந்து?"
"அவ்வளவு கீழ போனா கடல் வந்திடும்."

வகுப்பு சிரித்தது.
எண்கோட்டை நிமிர்த்தி வரைந்தேன்,
மேலும் கீழுமாய்.

மணி அடிக்க முன் வீட்டுப்பாடம், விகிதம்:
ஒருவர் பதினாறு மணிநேரம் வேலையில்,
எட்டு மணிநேரம் வீட்டில்.
எளிய வடிவில் தருக.

சோக்கை வைக்கவில்லை, அவள் கை உயர்ந்தது.
"மிஸ், பஸ்ஸில போறது
எந்தப் பக்கம்?"