இருபது விழுக்காடு

பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது செவ்வாய்க்கிழமை.
மின்பணிப் பிரிவு ஆசிரியர் ஒட்பியோர்ன்
மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தொடங்கினார்:
பெரிதாக ஒன்றுமில்லை,
பையன் வயர்களை நன்றாகத்தான் இணைக்கிறான்,
இணைத்து முடித்ததும்
அவற்றிடம் மெதுவாக ஏதோ கேட்கிறான்.

பெரிதாக ஒன்றுமில்லாதபோதே கூப்பிடுங்கள் என்று
பேருந்துகளின் முதுகில் ஒட்டியவர்கள் நாங்கள்தான்.

வியாழன். ஸ்டவாங்கரிலிருந்து படகு, ஐம்பது நிமிடம்.
நான்கு மணிக்கே நவம்பர்
கடையைச் சாத்திவிட்டிருந்தது.
தோர்யுஸுக்குப் பதினேழு வயது.
ஹேண்ட்பால் ஆடி ஏழு வாரம்.
தூங்கி நான்கு நாள் என்றாள் அம்மா குன்வோர்.
"மூன்று" என்று திருத்தினான்.
மேசையில் வாஃபிள்கள். எவரும் தொடவில்லை.
நான் ஒன்றை எடுத்தேன்,
வாய்க்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

என் பையில் ஒரு படிவம்,
பூஜ்யம் முதல் ஆறு வரை கட்டங்கள்.
ஆறு என்றால் மருத்துவமனை, மருந்து, வேறு சொற்கள்.
ஐந்து என்றால் நான்.
நடுவே ஒரு கோடு,
என் பென்சில் முனையைவிட மெலிது.

அவன் என்னை மீட்டர்ப் பெட்டிக்கு அழைத்துப் போனான்.
பச்சை விளக்கு ஒன்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.
"நான் நினைக்கும்போதெல்லாம் சிமிட்டுகிறது.
எண்ணுகிறது. எண்ணி அனுப்புகிறது."

நான் சிரிக்கவில்லை.
அந்தப் பெட்டி உண்மையிலேயே எண்ணுகிறது.
உண்மையிலேயே அனுப்புகிறது.
நடுவில் ஒரே ஒரு சொல் மட்டும்
இடம் மாறியிருக்கிறது.

"எவ்வளவு நிச்சயம்?"
"எண்பது."
"மிச்சம்?"
நெடுநேரம். துறையில் படகு ஒருமுறை ஊதியது.
"மிச்சம் இருபது…
நான் தூங்காததால் இருக்கலாம்."

இருக்கலாம்.

அந்த வீட்டில் அன்று அவனிடம்
வேறெதுவும் மிச்சமிருக்கவில்லை.
இருந்த ஐயத்தை எடுத்துவந்து
வாசலில் நின்றவளுக்கு இட்டான்.
இரு கையும் ஏந்தி வாங்கிக்கொண்டேன்.

பிறகு சோதித்துப் பார்த்தோம்.
யோசனை அவனுடையது, மின்பணி மாணவனாயிற்றே.
கண்ணை மூடி ஒரு நிமிடம்
மிக மோசமான நினைப்பை நினைத்தான். நான் எண்ணினேன்: பதினான்கு.
அடுத்த நிமிடம் ஹேண்ட்பால் வலையை நினைத்தான்: பதினான்கு.
கெட்டிலைப் போடச் சொல்லி
அம்மாவுக்குக் குரல் கொடுத்தான்: நாற்பத்தேழு.

"எழுபத்தைந்து" என்றான் கடைசியில்.
கொஞ்சம் பொறுத்து,
"நாம் எண்ணுவது அதற்குத் தெரிந்துமிருக்கலாம்."
அதையும் எழுதிக்கொண்டேன்.

குன்வோர் காரின் கண்ணாடியைத் தட்டினாள்.
தம்பியைப் பற்றி அதுவரை சொல்லாதிருந்தவள்
எல்லாவற்றையும் நின்றபடி சொன்னாள்.
இவனுக்கும் வருமா?
தெரியாது என்றேன்.
இப்படி இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு வருவதில்லை என்றேன்.
பெரும்பாலானோர் என்ற சொல்
ஒரு தாயின் கையில் நிற்பதில்லை,
மழைநீர் மாதிரி வழிந்துபோயிற்று.
அடுத்த வியாழனும் வருவேன் என்றேன்.
அது மட்டும் நின்றது.

முதலில் தூக்கத்தைத் தேடினோம்.
வேறு பெரிய வித்தை ஒன்றுமில்லை.
பிப்ரவரியில் நாற்பது.
மார்ச்சில் மறுபடி அறுபது,
ஒரு பெண்ணின் பெயர், ஒரு தேர்வு,
இரண்டு இரவு விழிப்பு.
ஏப்ரலில் எண் சொல்ல மறந்துவிட்டான்,
பக்கத்து வீட்டு அழைப்புமணியைப் பழுதுபார்த்த கதையில்.
நானும் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டுமோ என்று
திரும்பும் படகில் முழுக்க யோசித்தேன்.

இதைக் குழுவில் எவரிடமும் சொன்னதில்லை:
அந்த முதல் வியாழன் இரவு
கோட்டைக் கழற்றுமுன்
என் வீட்டு மீட்டர் முன்னால் போய் நின்றேன்.
வீடு முழுக்க இருட்டு.
அவனை நினைத்தேன்.
சிமிட்டியது.

பென்சிலைத் தேடி
ரசீதின் பின்புறத்தில் எழுதினேன்:
நான், ஒன்று.