நான்காவது பிரதி

பணகுடி விலக்கில் பதினோரு மணிக்கு மேல்
கல்லில் கடைசிப் புரோட்டா புரளும்போது
பேச்சு பூமியை விட்டுப் போய்விடும்.
தினமும் இல்லை, வெள்ளிக்கிழமைகளில்.
மறுநாள் மைதீன் பிச்சைக்கு லோடு கிடையாது.

'சனிக்கு அப்பால்' மூன்று விதமாக இருக்கிறது.
முதல் பிரதியில் கப்பலின் கதவு மூடும்,
அவள் வெளியே நிற்பாள், அவ்வளவுதான்.
இரண்டாவதில் படக்கம்பெனி பயந்துபோய்
அவளை உள்ளே இழுத்துக்கொண்டது:
ஒரு குழந்தை, கோதுமை வயல், வயலின்.
மூன்றாவது, இயக்குநர் வயசான காலத்தில்
மனசு கேளாமல் மறுபடி வெட்டி ஒட்டியது.
பதினேழு நிமிஷம் கூடுதல்,
அதில் பதினொன்று
கப்பலுக்குள் ஒரு குழாய் சொட்டுவது.

"அந்தச் சொட்டுலதாம்வே படமே இருக்கு."
ஞானத்திரவியம் குடிநீர் வாரியத்தில் பிட்டர்.
"அப்ப காவல்கிணறு டேங்கும் நல்ல படந்தான்,
ஆறு மாசமா ஓடுது" என்றாள் ஜெபக்கனி,
நைட் டூட்டிக்குப் பார்சல் வாங்க வந்தவள்,
பார்சல் ஆறுவதை மறந்து.
அவள் கட்சி கோதுமை வயல்.
ஆஸ்பத்திரியில் தினம் கதவு மூடுகிறது,
படத்திலாவது ஒருத்தி உள்ளே வரட்டுமே என்பாள்.

மைதீன் பிச்சை மூன்றையும் ஒப்புக்கொள்வதில்லை.
"நாலாவது ஒண்ணு இருக்கு.
நம்ம பரணி டாக்கீஸ்ல ஓடுனது.
கதவு மூடும், திரை இருட்டும்,
பொறவு ஒரு உறுமல் வரும் பாத்துக்கிடும்,
அடிவயித்துக்குள்ள.
பெஞ்சு ஆடிச்சு. முன்னூறு பேரு கேட்டோம்."

"வானவெளியில சத்தம் கேக்காதுவே, காத்து கிடையாது."
"நீரு கேட்டேரா?"
"நான் அன்னைக்கு வடக்கன்குளத்துல ஒரு சடங்கு வீட்டுல."
"அப்பம் சவத்த விடும்."

மெமரி கார்டு மெமரி கார்டாகத் தேடியிருக்கிறார்.
லாரி போன ஊரிலெல்லாம், ஹூப்ளி வரைக்கும்,
பழைய கேசட் கடைகளில் விசாரித்திருக்கிறார்.
உறுமல் எங்கேயும் இல்லை.
போன மாசம் கொஞ்சம் தளர்ந்துபோய்
"கனவாக்கூட இருக்கலாம்" என்றார்.
எனக்கு அது பிடிக்கவில்லை.

இந்த வெள்ளி
சால்னாக் கிண்ணத்தில் எண்ணெய் நடுங்கியது முதலில்.
அப்புறம் தம்ளர்கள்.
அப்புறம் மகேந்திரகிரிப் பக்கமிருந்து
இருட்டே தொண்டையைச் செருமியது போல.
எஞ்சினைக் கட்டிப்போட்டு எரித்துப் பார்க்கிறார்கள்.
எங்களுக்கு இது புதிதில்லை, யாரும் திரும்பக்கூட மாட்டோம்.
மைதீன் பிச்சை எழுந்து நின்றார்,
புரோட்டாத் துண்டு கையோடு.

சத்தம் நின்றபிறகும் உட்காரவில்லை.
"இதுதான்" என்றார்.
கடைக்காரர் கல்லைச் சுரண்டுவதை நிறுத்தினார்.

ஞானத்திரவியம் தண்ணீர் குடித்துவிட்டு
மெதுவாகத்தான் ஆரம்பித்தார்:
"அப்ப அது படத்துல உள்ளதில்ல. மலையில உள்ளது."
"முன்னூறு பேரு இருட்டுல இருந்து கேட்டது
படத்துல உள்ளதில்லையா?"
"பெட்டியில வந்தாத்தாம்வே படம்."
"பெட்டியில வந்ததுல பாதிய
ஆபரேட்டர் கடைசி பஸ்ஸுக்காகக் கத்திரிச்சான்லா,
அத என்ன சொல்லுவேரு?"
ஜெபக்கனி மட்டும் வேறெங்கோ பார்த்தபடி
"அவளுக்குக் கேட்டிருக்குமா?" என்றாள்.
யாரைச் சொல்கிறாள் என்று புரியக்
கொஞ்ச நேரம் ஆனது.
ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து, போய்விட்டாள்.
பார்சல் மேஜையிலேயே இருந்தது.

சனிக்கிழமை எனக்குக் காற்றாலையில் வேலை.
எண்பது மீட்டர் ஏணி, மேலே மூடி.
வெளியே வந்து கயிற்றை மாட்டியதும்
மூடி தானாக விழுந்து அடைத்துக்கொண்டது.
கீழே பணகுடி, தகரமும் பனையுமாக.
ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டு
மலைப்பக்கம் காது கொடுத்து நின்றேன்.
ஒன்றும் வரவில்லை.
இங்கே காற்று உண்டு,
காற்றுதான் கேட்டது.